வலிவாங்கி

பூரணிக்கு இடுப்பு வலி எடுத்தபோது முதலில் கத்தியவர் மேஜர் தணிகாசலம்தான்.

போர்க் கைதிகளின் முகாமை நடத்துபவர் கையில் வலிவாங்கி என்ற கருவியைக் கட்டியிருக்க வேண்டும் என்பது இரு நாட்டு ஒப்பந்தம். கைதியின் மேல் விழும் அடி அதே நொடியில் அதிகாரிக்கும் வலிக்கும். வலி சிவப்புக் கோட்டைத் தாண்டினால் போர் நீதிமன்றத்துக்குத் தானாகவே செய்தி போய்விடும். அருமையான ஏற்பாடு! இப்போது எந்த முகாமிலும் யாரும் யாரையும் அடிப்பதில்லை. அடித்தால்தான் வலிக்கும் என்றில்லையே. பல்வலிகூட அதிகாரியை வதைத்தது. அதனால் எல்லாக் கைதிகளுக்கும் வாரந்தோறும் உடம்பு மரத்துப்போக மரப்பூசி போட்டுவிடுகிறார்கள். காலில் ஆணி ஏறினாலும் தெரியாது.

பூரணிக்கு மட்டும், வயிற்றுப் பிள்ளையை நினைத்து, டாக்டர் ரெஜினா ஊசியை நிறுத்தியிருந்தாள்.

"இப்ப போட்டா ரெண்டு பேருக்கும் வலிக்காது, மேஜர். ஆனா குழந்தைக்கு மூச்சு நின்னுடலாம்."

"போடலைன்னா?"

"கோடு தாண்டிடும். பிரசவம்னு மெஷினுக்குத் தெரியுமா? சித்திரவதைன்னு அனுப்பிடும். உங்க வேலை போச்சு."

பூரணி உதட்டைக் கடித்தாள். "நான் அடக்கிக்கிறேன் சார். ஊசி மட்டும் வேணாம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் அடக்கினாலும் அவர் இடுப்பு விட்டுப்போனது. பாவமாக இருந்தது அவருக்கு, அவளை நினைத்தும் தன்னை நினைத்தும். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடக்காதம்மா. நல்லாக் கத்து. நானும் கத்துறேன்."

இருவரும் கத்தினார்கள். பெண் குழந்தை. ரெஜினா அதை முதலில் மேஜரிடம் காட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தாயிடம் கொடுத்தாள்.

கோடு தாண்டியிருந்ததால் விசாரணை நடந்தது. பூரணி குழந்தையோடு வந்து சாட்சி சொன்னாள். "அது எம் புள்ளை பொறந்த வலிங்க. இவரு என் கையை விடவே இல்லீங்க."

நீதிபதியின் முகம் கனிந்தது. "குற்றச்சாட்டு தள்ளுபடி. ஒரே ஒரு சந்தேகம் மேஜர். இந்தப் போரில் எங்களுக்கு வந்த ஒரே வலிச் செய்தி இதுதான். மற்ற கைதிகளுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லையா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். குழந்தை கொட்டாவி விட்டது. அதைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"வந்திருக்கும், ஐயா. தெரியாதபடி மரத்துப்போக வைத்தோம். எல்லா முகாமிலும்."

வலியே இல்லாத முகாம்கள் என்று அத்தனைக்கும் பதக்கம் கொடுத்தவர் இந்த நீதிபதிதான்.