மேலே போகிறவர்கள்

இரண்டாம் நாள் சாயங்காலம் நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது கரியன் அவரைப் பார்க்கவில்லை. முந்தின நாள் அவர் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்து கால்சட்டை முழுக்க முடியை அப்பிய பூனை அது. இன்று கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, அவர் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த வெறும் காற்றைப் பார்த்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பியது. கதவிலிருந்து சுவர் ஓரம், சுவர் ஓரத்திலிருந்து சன்னலடி நாற்காலி. நாற்காலியில் போய்ப் பார்வை நின்றுவிட்டது.

“என்னடா அங்க முறைக்கிற? தீனி போடுறவன் இங்க நிக்கிறேன்,” என்றார் லிஃப்ட்காரர்.

பூனை காதைக்கூட அசைக்கவில்லை.

அவருக்குப் பூனைகளிடம் நம்பிக்கை கிடையாது. மனுஷர்களிடமும் கிடையாது. எட்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். குட்மார்னிங் சொன்ன வாயே கதவு மூடியதும் அடுத்தவனைப் பற்றி என்னென்ன பேசும் என்று முதுகாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவர். ஆள் வேண்டாத லிஃப்ட் வந்ததும் ஒரு மாலையைப் போட்டு, ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் அன்றைக்கே நின்றுபோனது.

இங்கே வந்ததும் மகளுக்காகத்தான். புருஷன் விட்டுப் போன பிறகு அவள் தலை நிமிர்ந்தது டாக்டரம்மாவின் மருத்துவமனையில் கிடைத்த வேலையால். வேலை நிரந்தரமாவது டாக்டரம்மாவின் ஒரு வார்த்தையில் இருந்தது. அந்த அம்மாள் பத்து நாள் வெளிநாடு போவதாகவும், ஊருக்கு வெளியே இருக்கும் வீட்டில் மூன்று பூனைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றும் சொன்னதும், “எங்கப்பா இருக்காரே மேடம்,” என்று மகள் வாயைக் கொடுத்துவிட்டாள். கரியன், சாம்பல், கிழவி. அதுகளில் ஒன்றின் மேல் கீறல் விழுந்தாலும் அது மகளின் பிழைப்பில் விழுந்த கீறல்.

முணுமுணுத்துக்கொண்டே வந்தவரை நடை பிடித்துக்கொண்டது. வாசலுக்கு எதிரே வேலியைத் தாண்டினால் இடுப்பளவு புல், புல்லுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மிதித்தால் ஈர மண்ணும் கசங்கிய தழையும் சேர்ந்து எழுப்பும் பச்சை வாசனை, கால்சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூடவே வரும் முள் விதைகள், மேட்டில் ஏறி நின்றால் நாலா பக்கமும் வானம். நாலடிப் பெட்டிக்குள் ஆயுசைத் தின்றவருக்கு இவ்வளவு வானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கல் கட்டிடம் இருந்தது. கூரை இல்லை. கதவு இருந்த இடத்தில் நிலைக்கல் மட்டும் நின்றது. முதல் நாள் அதில் சாய்ந்து இளைப்பாறியபோது உள்ளே இருட்டும் குளிர்ச்சியும் அந்தப் பழைய லிஃப்ட் போலவே இருக்கவும், கேட்பதற்கு ஆள் இல்லை என்ற தைரியத்தில், உத்தியோகக் குரலை எடுத்துவிட்டார்.

“மேல போறவங்க ஏறுங்க!”

சுவர்களில் மோதிக் குரல் திரும்பி வந்தது. சிரிப்பு வந்தது அவருக்கு. மறுநாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும்.

வீட்டுக்குத் திரும்பினால் இன்னொரு பழக்கம். தான் உள்ளே வந்த பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணுவார். கடைசி நிமிஷத்தில் ஓடி வருகிறவர்களுக்காகப் பிடித்துப் பிடித்துக் கை பழகிவிட்டது. எண்ணி முடித்துத்தான் சாத்துவார்.

மூன்றாம் நாள் சாம்பலும் சேர்ந்துகொண்டது. கரியன் நாற்காலியைப் பார்க்க, சாம்பல் மாடிப்படியின் அடியைப் பார்த்தது. நான்காம் நாள் கிழவி சமையலறை வாசலைப் பார்த்துச் சீறிவிட்டு, இந்த வயதில் எப்படித்தான் ஏறியதோ, அலமாரியின் உச்சிக்குப் போய்விட்டது. அன்றைக்குத் திரும்பும்போது புல் உரசும் சத்தம் அவருக்குப் பின்னாலும் கேட்டிருந்தது. அவர் நின்றார். அது நின்றது. ஆனால் ஒரேயடியாக நிற்கவில்லை. ஒரு அடி தள்ளி, அப்புறம் இன்னொரு அடி தள்ளி, வரிசையில் பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவன்மேல் இடித்துக்கொள்வதுபோல, நின்று நின்று அடங்கியது.

திருட்டுப் பயல்கள், என்று நினைத்தார். பெரிய வீடு, கிழவன் ஒருத்தன் காவல். நோட்டம் பார்க்கிறான்கள். வீட்டுக்கு வந்து எல்லாச் சன்னல்களையும் தாழ் போட்டார். ஆனால் அன்றும் கதவைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணிவிட்டுத்தான் சாத்தினார்.

ஐந்தாம் நாள் அந்தக் கை கதவைப் பிடித்திருந்தபோது தரை இறங்கியது.

அந்த வீட்டுக்குப் பலகைத் தரை. ஒரு நூல் அளவுதான் இறங்கியது. வேறு யாராவது இருந்தால் தெரிந்திருக்காது. லிஃப்ட்டில் ஆள் ஏறினால் தரை அப்படித்தான் இறங்கும். திரும்பிப் பார்க்காமலே ஏறினது ஒல்லியா, தடியா, கையில் மூட்டை உண்டா என்று அவர் உள்ளங்காலுக்குத் தெரியும். இப்போது உள்ளங்கால் சொன்னது: ஒரு ஆள். கனத்த ஆள். அப்புறம் இன்னொன்று.

ஈரம் உறிஞ்சிய பலகை, வயசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தார். தூக்கம் வரவில்லை.

ஆறாம் நாள் மேட்டடியில் டிராக்டர்காரன் வண்டியை நிறுத்தி இறங்கினான். பக்கத்து நிலத்தை உழுகிறவன். முகத்தில் நல்ல வார்த்தையே இல்லை.

“பெரியவரே, டாக்டரம்மா உங்க ஒருத்தரைத்தானே வீட்டுல வச்சாங்க?”

“ஆமா, ஒருத்தன்தான். உனக்கென்ன?”

“அப்புறம் எதுக்கு ஊரையே கூட்டிக்கிட்டு வர்றீங்க? என் வரப்பெல்லாம் மிதிபட்டுக் கெடக்கு.”

“யாரைய்யா கூட்டிட்டு வந்தேன்?”

“வெளையாடாதீங்க. நேத்து நீங்க முன்னாடி போறீங்க, பின்னாடி பதினோரு பேரு. எண்ணினேன். வெயில் அடிக்குது, ஒருத்தன் தலையும் நிமிரல. எதாவது சாவு வீடான்னு நெனச்சேன்.”

“என்னைப் பயமுறுத்தி வெரட்டிட்டு வீட்டைச் சுரண்டப் பாக்குறியா? போலீஸைக் கூப்பிடுவேன்.”

டிராக்டர்காரன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவர் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். வண்டியில் ஏறி, உழாமலே, வந்த வழியே போய்விட்டான்.

லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். புல். காற்று இல்லை. பாதையோரப் புல் மட்டும் சாய்ந்திருந்தது, கல் கட்டிடம்வரை.

வீட்டுக்கு ஓடினார். உள்ளே நுழைந்து, அடித்துச் சாத்தவேண்டிய கதவைக் கை பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. சொன்னது அவர் வாய்தான்.

பலகை இறங்கிக்கொண்டே இருந்தது.

சற்று நேரத்தில் மகள் போன் செய்தாள்.

“அப்பா, கிழவி சாப்பிட்டுச்சா?”

“மூணும் அலமாரி மேல ஏறிக்கிச்சு. எறங்க மாட்டேங்குது.”

“ஐயோ! எப்பலேர்ந்து?”

“ரெண்டு நாளா.”

“இப்பச் சொல்றியேப்பா! ஏதாவது ஆச்சுன்னா என் வேலை காலிப்பா. நாளைக்கு சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சதும் நேரா வந்துடறேன்.”

“நீ வராதே.”

“ஏன்?”

என்ன சொல்வது? “நான் பாத்துக்கறேன். நீ வராதே, சொன்னாக் கேளு.”

“ஒண்ணுமே கேக்கலப்பா. அந்த டிவியைக் கொஞ்சம் குறை. எத்தனை பேரு பேசுறாங்க!”

அந்த வீட்டில் டிவி கிடையாது.

ஏழாம் நாள் அவர் வெளியே போகவில்லை. விடிந்ததிலிருந்து கதவோரம், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி நின்றார். திரும்ப மனம் வரவில்லை. பின்கழுத்தில் மூச்சு பட்டது. ஒரு மூச்சு இல்லை. ஈரத் துணி நாற்றம், அடைத்துவைத்த அறையின் நாற்றம், யாரோ மெல்ல ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றும் பலகைச் சத்தம். அலமாரி உச்சியில் மூன்று பூனைகளும் ஒரே உருண்டையாக ஒட்டிக்கொண்டு கீழே பார்த்தன. கூடம் முழுக்கப் பார்த்தன. பார்க்க ஒரு இடம்கூட மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. அவள் கிளம்பியிருப்பாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவர்கள் எல்லாரும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்று மூச்சு சொன்னது. கதவைப் பார்த்து நிற்கிறார்கள். லிஃப்ட்டில் ஏறியவன் வேறு எதைப் பார்ப்பான்? மாடி வர வேண்டும். கதவு திறக்க வேண்டும். இறங்கிவிடுவார்கள். முப்பத்து நான்கு வருஷமும் இறங்காத ஆள் கிடையாது.

அவள் வருவதற்குள் இறக்கிவிட வேண்டும்.

கதவைத் திறந்தார். ஒதுங்கி நின்றார். “மாடி வந்தாச்சு. எறங்குங்க.”

யாரும் இறங்கவில்லை.

வெளியே, வாசலிலிருந்து வேலிவரை, வேலியிலிருந்து மேடுவரை, புல் சாய்ந்து கிடந்தது.

தரை இறங்கியது.

ஒன்று. இன்னொன்று. இன்னும். பலகை முனகியது. ஏறுகிறார்கள். அவர் கதவைச் சாத்தத் தள்ளினார். அசையவில்லை. வெளியே பாயப் பார்த்தார். தோள்கள். இரண்டு பக்கமும் குளிர்ந்த தோள்கள். சுவரோடு நெருக்கின. கண்ணுக்கு எதிரே வெறும் கூடம். நாற்காலி. மாடிப்படி. மூச்சு விட இடமில்லை.

கேட் கிறீச்சிட்டது.

மகள். தோளில் பை. ஒரு கையில் பூனைத் தீனி. வேகமாக வந்தவள் வாசலில் தயங்கினாள். கண்கள் அகன்றன. கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். அவரை மட்டும் பார்க்கவில்லை.

“யாருங்க நீங்கள்லாம்? எங்கப்பா எங்க?”

அவர் கத்தினார். நெஞ்சு நசுங்கிக் காற்றுகூட வரவில்லை.

“இங்கதாம்மா இருக்கேன்,” என்றது அவருடைய குரல். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து. “வா. இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருக்கு.”

“கொஞ்சம் நகருங்க,” என்றாள் மகள். பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். உள்ளே கால் வைத்தாள். ஒன்றுமில்லாத கூடத்தில் உடம்பைக் குறுக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, யார் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, இடித்து இடித்து நடுவரைக்கும் போனாள்.

நின்றாள். பூனைத் தீனி கையிலிருந்து நழுவியது. தலை மெல்லக் கவிழ்ந்தது.

பிறகு அவள் திரும்பினாள். கதவைப் பார்த்தபடி, அசையாமல் நின்றாள்.