வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

திங்கட்கிழமை காலைகளில் மதிப்பட்டிக்காரர்கள் குடும்பத்தோடு எலும்பு நிறுக்கக் கிளம்பிவிடுவார்கள். நிலவின் தென்முனையில், பாறையைக் குடைந்து கட்டிய குடியிருப்பு அது. சதையையும் நீரையும் கழித்துவிட்டு எலும்பு மட்டும் எவ்வளவு என்று சொல்லும் தராசு, மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு வாசலிலேயே இருந்தது. ஏறி இறங்குகிறவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் "உங்களுக்கு எவ்வளவு?" என்று கூச்சமில்லாமல் விசாரித்துக்கொள்வார்கள். நிலவின் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. சுமக்க வேலையில்லாத எலும்பு மெல்லக் கரைந்துபோகும். அங்கே எல்லாருக்கும் உள்ள கவலை அதுதான்.

கரையாமல் தடுக்க மாத்திரை இருந்தது. நோயை இயந்திரம் கண்டுபிடிக்கும். அந்தந்த ஆளுக்கென்று மாத்திரையை மருந்துவார்ப்பி என்ற இன்னொரு இயந்திரம் வார்த்துக் கொடுக்கும். ஆனால், நினைவோடு இருக்கும் எவர் உடலிலும் அவர் தன் கையால் எடுத்து விழுங்காத மருந்து போகக்கூடாது என்பது மதிப்பட்டியின் முதல் சட்டம். ஆகவே மருத்துவமனையில் மனிதர்களுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, மாத்திரையை எப்படி விழுங்குவது என்று சொல்லிக்கொடுப்பது. அதற்குத்தான் நான்காண்டுப் பட்டப்படிப்பு.

மருந்தாளுநர் செண்பகவல்லி அந்தப் படிப்பைத் தங்கப் பதக்கத்தோடு முடித்தவள். கவுன்டரில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஒன்றையே சொல்லிவந்தாள். எலும்பு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும். அதுவரை டீ, காபி, இட்லி எதுவும் கூடாது. டீயோடு போனால் மாத்திரை உடம்பில் சேராது. விழுங்கியதும் படுத்தால் தொண்டைக்குக் கீழே புண்ணாகும்.

மதிப்பட்டி மக்கள் தலையாட்டிவிட்டுப் போய் டீயோடுதான் விழுங்கினார்கள். முதல் ஆள் அவள் கணவர் ஆவுடையப்பன். சுரங்கம் குடையும் பிரிவில் மேற்பார்வையாளர்.

"ஏங்க, டீய வச்சிட்டு மொதல்ல மாத்திரையப் போடுங்க."

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானட்டி. நீ என்னத்தப் படிச்சியோ போ!"

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். இப்போது முடியவில்லை. கோவில்பட்டியில் இருக்கும் மகள் கோமதிக்குச் சித்திரையில் பிரசவம். பூமிக் கப்பலில் ஏற எலும்பு எடை போதுமான அளவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறங்கி நடக்கும்போதே பூமியின் ஈர்ப்பில் தொடை எலும்பு முறிந்துவிடும். செண்பகவல்லி தேறிவிட்டாள். ஆவுடையப்பனுக்குத்தான் எடை ஏறவில்லை. பேரப்பிள்ளையைக் கையில் வாங்க அவர் இல்லாமல் தான் மட்டும் போக அவளுக்கு மனம் வரவில்லை.

சொந்தக்காரர்களுக்கு மருந்தாளுநர் ஆலோசனை சொல்வதை விதி அனுமதிக்காது. அதனால் ஆவுடையப்பனின் பொறுப்பு சிமிழிடம் போனது. சிமிழ், மருந்தியல் கல்லூரி கடைசி ஆண்டுப் பயிற்சிக்காக அனுப்பியிருந்த இயந்திர மாணவன்; மனிதர்களுக்கு மிச்சமிருந்த அந்த வேலையையும் கற்க வந்த முதல் இயந்திரம். அதனிடம் ஒப்படைத்த நோயாளிகளுக்கு எலும்பு ஏறினால் பட்டம். ஏறாவிட்டால் திரும்பவும் வகுப்பு.

சிமிழ் பாடத்தில் புலி. எலும்பு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அலுக்காமல் சலிக்காமல் ஒவ்வொருவருக்கும் விளக்கியது. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னது. எல்லோரும் பிழையில்லாமல் ஒப்பித்து, "சரி தம்பி" என்று எழுந்து போனார்கள். தராசு முள் அசையவில்லை.

"மேடம், அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. பிறகு ஏன் செய்வதில்லை?" என்று சிமிழ் கேட்டது.

அன்று காலைதான் ஆவுடையப்பன் மாத்திரையை டீயில் போட்டுக் கலக்கிக் குடித்திருந்தார். அந்த எரிச்சல் செண்பகவல்லிக்கு இன்னும் அடங்கவில்லை.

"நாம சொன்னா எவன் கேக்கான்? எவனோ ஒருத்தன், பேரு ஊரு தெரியாதவன், 'ஆஸ்பத்திரியில இத மறைக்கான்'னு சேதி அனுப்பட்டும். மறுநாளே எல்லாரும் செய்வாங்க. நாலு வருசம் படிச்சதுக்குப் பதிலா அதச் செஞ்சிருக்கலாம்."

ஆத்திரத்தில் சொன்னாள், மறந்தும் போனாள். ஆனால் மாணவனுக்கு ஆசிரியர் சொன்னதெல்லாம் பாடம்.

அடுத்து வந்த வாரங்களில் தராசு வாசலில் பேச்சு மாறியது. ஒருவர் மாற்றி ஒருவருக்கு எலும்பு ஏறியது. ஆவுடையப்பனும் தராசிலிருந்து மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினார். கப்பல் ஏற இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. செண்பகவல்லிக்கு ஒரே சந்தோஷம். சிமிழைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என்ன செஞ்ச?"

கேட்டால் மறைக்கத் தெரியாத பிறவி அது. குடியிருப்பின் குடும்பக் குழுக்களில் தான் விட்ட செய்தியை எடுத்துக் காட்டியது. 'அவசரம். மருத்துவமனையில் இதை உங்களிடம் உரக்கச் சொல்ல மாட்டார்கள். எலும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்குங்கள். அரைமணி நேரம் நிமிர்ந்து உட்காருங்கள். டீ கூடவே கூடாது. உங்கள் அன்புக்குரிய பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.'

"மறைக்கிறார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும், மேடம். புறநோயாளிகள் பிரிவில் குரலை உயர்த்தக்கூடாது என்று விதி இருக்கிறது. எனவே உரக்கச் சொல்ல மாட்டார்கள் என்பது உண்மை."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "இன்னைக்கு நீ நல்லதச் சொன்ன. நாளைக்கு எவனோ எருக்கம்பால் குடிச்சா எலும்பு வளரும்னு இதே வழியில அனுப்புவான். அதையும் குடிப்பாங்க. வழியத் தொறந்து விட்டுட்டியே!"

"வழி முன்பே திறந்துதான் இருந்தது. நான் அதில் மருந்தை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்றது சிமிழ்.

அவளுக்குக் கோபம் கூடியது. இதைக் கல்லூரிக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் செய்தி மருத்துவமனையிலிருந்து வந்ததுதான் என்று ஊரறிய அறிவிக்கவும் வேண்டும். படித்த படிப்புக்கு அதுதான் மரியாதை. இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அது என்று முடிவு செய்துகொண்டு கிளம்பினாள்.

வீட்டில் ஆவுடையப்பன் அவளுக்காகவே காத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செம்பகம், ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. எனக்கு எப்படி எலும்பு ஏறிச்சு தெரியுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்திரைய வெறும் வயித்துல போடணுமாம். அரைமணி நேரம் நிமுந்து உக்காரணுமாம். டீயக் கண்ணுல காட்டக்கூடாதாம். உங்க ஆஸ்பத்திரியில இத வெளிய விட மாட்டாங்களாம். தெரிஞ்சா எல்லாருக்கும் கொணமாயிருமே, அப்புறம் யாரு வருவா?"

செண்பகவல்லி அவர் முகத்தைப் பார்த்தாள். கப்பல் ஏறிவிடலாம் என்ற நம்பிக்கையில் அந்த முகம் பத்து வயது குறைந்திருந்தது. இது ஆஸ்பத்திரி அனுப்பிய செய்திதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக் காலை மறுபடியும் டீ கொதித்துவிடும்.

"அப்படியா? எனக்கு இது தெரியாமப் போச்சே!" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? நீ படிச்சது அந்தக் காலத்துப் படிப்பு." ஆவுடையப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவியின் தோளை ஆதரவாகத் தட்டிக்கொடுத்தார். "நாளைக்குப் போனதும் அந்த இயந்திரத் தம்பிகிட்டயும் ரகசியமாச் சொல்லிக் குடு. பாவம், நல்ல பய. மணிக்கணக்காப் பேசுதான், இந்த ஒரு விசயத்த மட்டும் சொல்ல மாட்டேங்கான்."

"சொல்லுதேங்க" என்றாள் செண்பகவல்லி.