ஷ்பாக் கப்பலின் மணி

"பக்கத்து வூட்டு கோதண்டபாணி மேல போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறேன் சார். அதுக்கு முந்தி நீங்க ஒருதபா வந்து பாருங்க" என்று திண்டிவனத்து மரியஅந்தோணி விழுப்புரத்தில் துரைக்கண்ணுவின் வீட்டுக்கே வந்து நின்றான். 1961, ஈஸ்டர் கழிந்த வாரம்.

மூர் மார்க்கெட்டில் அவன் வாங்கிக் கூடத்தில் மாட்டிய பழைய கப்பல் மணி, விளக்கு வைக்கும் நேரத்தில் யாரும் தொடாமலே அடிக்கிறதாம். யுத்தத்தில் கடலோடு போன அவன் அப்பா கூப்பிடுகிறார் என்றது தெரு. வீட்டை விலைக்குக் கேட்கும் கோதண்டபாணியின் வேலை என்றான் அவன்.

"திங்கக்கிழமை மெட்ராஸ்ல கப்பல் வேலையில சேரணும். மனுஷன் வேலைன்னா தைரியமா போயிடுவேன். அப்பாவா இருந்தா, நானும் கடலோட போயிடுவேனோன்னு பயம் சார்."

துரைக்கண்ணு யுத்தகாலத்தில் கடலில் மிதக்கும் கண்ணிவெடிகளை வாரும் கப்பலில் இருந்துவிட்டு, பிறகு துப்பறிய வந்தவர். உதவியாளன் வேங்கடேசனோடு அன்று மாலையே போனார்.

அந்தோணியின் அம்மா ஞானமேரி உள்ளே மாதா படத்துக்கு விளக்கேற்றப் போனாள். கூடம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றே இல்லை. டங்! மணியின் நாக்கு தானாக ஆடியது. வேங்கடேசன் துரைக்கண்ணுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"தினமும் அடிக்குதா?"

"பெரிய வெள்ளியும் மறுநாளும் அடிக்கல சார்."

"கோதண்டபாணி ஊர்ல இல்லியா?" என்றான் வேங்கடேசன்.

"இருந்தாரே!"

துரைக்கண்ணு கோதண்டபாணியையும் அழைத்துவரச் செய்தார். ஞானமேரியும் வந்து நின்றாள்.

"அந்த ரெண்டு நாள் மாதா கோயில்ல மணி அடிக்க மாட்டாங்க, மரக்கட்டைதான் தட்டுவாங்க. கோதண்டபாணிக்கு அந்தக் கட்டுப்பாடு ஏது? அடிச்சது வேதக்காரங்க, கிறிஸ்தவங்கதான்" என்றார் துரைக்கண்ணு.

"அந்தோணி அப்பாவும் வேதக்காரர்தானே சார்!" என்றான் வேங்கடேசன், வெளிறிப்போய்.

"ஆவிக்கு நூல் எதுக்குப்பா?" மணியின் நாக்கிலிருந்து உத்தரம் வழியாக உள்ளறைக்குப் போன கறுப்பு நூலைத் தொட்டுக் காட்டினார்.

ஞானமேரி உடைந்து அழுதாள். "பெரிய வெள்ளியன்னிக்கு இழுக்கக் கை வரலைங்க."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா!" என்றான் அந்தோணி.

"உங்கப்பன்கிட்ட சொன்னேன். நின்னாரா? அவர் கப்பல் கண்ணிவெடியில போய் மோதிச்சு."

துரைக்கண்ணு மணியைத் திருப்பினார். அரத்தால் ராவிய ஒரு பெயர். அதனருகே ஷ்பாக் என்று இன்னொன்று.

"வெடி வார்ற எங்க தொழில்ல இந்தக் கப்பலைத் தெரியாதவங்க இல்ல. போலந்துக் கப்பல். ஜெர்மன்காரன் பிடிச்சிக்கினு போய் வேற பேர் வெச்சான். யுத்தம் முடிஞ்சு திரும்பி வந்ததும் அந்தப் பேரை ராவிட்டு, உடைக்கப் போறவரைக்கும் கடல்ல வெடி வாரிச்சு. உன் புள்ளை மாதிரி ஆளுங்க போற வழியைச் சுத்தம் பண்ணதும்மா இது."

"எல்லாத்தையும் வாரிட்டாங்களா ஐயா?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இல்லம்மா."

ஞானமேரி மகன் பக்கம் திரும்பினாள். பிறகு நூலை அறுத்துப் போட்டாள்.

"போய்ட்டு வா. நீ வர்ற வரைக்கும் தினம் சாயந்திரம் என் கையாலயே அடிப்பேன். எங்க இருந்தாலும் கேட்டுக்கினு இரு."

திங்கட்கிழமை மாலை மணி அடித்தது. யார் அடிக்கிறார்கள் என்று தெரிந்தும், தெருவில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.