மூன்று மூலையும் ஒரு மொட்டைத் தலையும்

“பரங்கிக்காயா? அது சாம்பாராயிடுச்சே கண்ணு!”

சத்துணவு சமைக்கும் ஆண்டாளம்மாள் இப்படிச் சொன்னதும் கனகாவுக்குப் பகீரென்றது. அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, தலையில் சுமந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்த காய் அது. வகுப்பில் இடமில்லை என்று சமையற்கூடத்து நிழலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

“புள்ளைங்களுக்குன்னு யாரோ குடுத்துட்டுப் போயிக்கிறாங்கன்னு நெனச்சிக்கினேன்மா,” என்று ஆண்டாளம்மாள் கரண்டியும் கையுமாக விழித்தார்.

கனகாவுக்கு அழுகை முட்டியது. அடுத்த பீரியடு அறிவியல்!

அறிவியல் ஆசிரியர் முனிரத்தினம் திங்கட்கிழமை ஒரு கேள்வி கேட்டிருந்தார். “இந்தப் பிரபஞ்சம் பாய் மாதிரி தட்டையா, பந்து மாதிரி வளைஞ்சதா? வெளியே போய் எட்டிப் பார்க்க யாராலும் முடியாது. உள்ளே இருந்தபடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெள்ளிக்கிழமைக்குள்ள வழி சொல்றவங்களை வாலாஜாபாத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கே தொலைநோக்கியில சனிக் கிரகத்தோட வளையத்தைக் காட்டுறாங்க. என் மோட்டார் சைக்கிள்ல ஒருத்தருக்குத்தான் இடம்!”

இன்று வெள்ளிக்கிழமை. கனகா வழியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால், அதைச் செய்து காட்ட உருண்டையாக ஒன்று வேண்டுமே! பள்ளிக்கூடத்துப் பந்துகூடக் காற்றுப் போய்க் கிடந்தது.

வகுப்புக்குள் ஒரே சிரிப்புச் சத்தம். எல்லப்பன் நேற்றுத்தான் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருந்தான். “மொட்டை! மொட்டை!” என்று பையன்கள் அவன் தலையில் போட்டிருந்த துண்டைப் பிடித்து இழுத்தார்கள். துண்டு கையோடு வந்துவிட்டது. சந்தனம் பூசிய தலை நல்ல உருண்டையாக இருந்தது.

கனகாவுக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எல்லப்பா, ஒன் தலைய கொஞ்சம் குடுக்கிறியா?”

“நீயும் கிண்டல் பண்றியா?” அவன் கண்கள் கலங்கின.

“சத்தியமா இல்லடா. பரங்கிக்காய் பூடுச்சி. இந்த வகுப்புலயே நல்ல உருண்டை ஒங்கிட்டதான் கீது. வேணாம்னா வேணாம், சொல்லிடு.”

எல்லப்பன் மூக்கை உறிஞ்சினான். “கூசும். மெதுவா பண்ணு.”

ஆசிரியர் வந்ததும் கனகா எழுந்தாள். “சார், நான் ஒரு எறும்பு. எறும்பு வயல் வரப்புல நேரா போயி, சதுரமா திரும்பித் திரும்பி நடந்தா, நாலு மூலை இருந்தாத்தான் பொறப்பட்ட எடத்துக்கு வரும். இப்ப இத பாருங்க.”

எல்லப்பனின் உச்சந்தலையில் துடைப்பக் குச்சியை வைத்து, சந்தனத்தில் நெற்றி வரை நேராகக் கோடு கிழித்தாள். நோட்டின் முனையை வைத்துப் பார்த்துச் சதுரமாகத் திரும்பி, காதுக்கு மேல் வரை போனாள். மறுபடி சதுரமாகத் திரும்பி மேலே ஏறினாள். குச்சி உச்சந்தலைக்கே வந்துவிட்டது! அங்கேயும் நோட்டு முனை கச்சிதமாகப் பொருந்தியது.

“மூணே மூலை சார்! எறும்பு வூட்டுக்கு வந்துடுச்சி! வெளிய போவாமலே இது வளைஞ்ச எடம்னு கண்டுபுடிச்சிடும்ல?”

பையன்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். “கூசுதுடி!” என்று எல்லப்பன் மட்டும் நெளிந்தான்.

ஆசிரியர் பரபரப்பாக வந்து மூன்று மூலைகளையும் தாமே அளந்து பார்த்தார். “சரி, பிரபஞ்சத்தை எப்படி அளப்பே?”

“நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் கோடு போட்டு, ரொம்பப் பெரிய முக்கோணம் வரையணும் சார். மூணு மூலையும் சேந்து நூத்தி எம்பது டிகிரி வந்தா தட்டை, அதுக்கு மேல வந்தா பந்து மாதிரி வளைஞ்சது!”

“சபாஷ்! விஞ்ஞானிங்களும் இப்படித்தான் யோசிக்கிறாங்க. இதுவரை அளந்ததுல தட்டையாத்தான் தெரியுது, ஆனா அவங்களாலயே இன்னும் முடிவாச் சொல்ல முடியலே! நாளைக்குத் தயாரா இரு.”

கனகா தயங்கினாள். “வழி என்னுது சார், தல அவனுது. நாங்க ரெண்டு பேருமே ஒல்லி. ஒரே சீட்டுல ஒட்டிக்கினு வந்துடுவோம்.”

ஆசிரியர் சிரித்துவிட்டார். பையன்கள் எல்லப்பனைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

மறுநாள் இருட்டியதும் கனகா தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். கறுப்பு வானத்தில், குட்டியாக, மஞ்சளாக...

“ஐயோ சார்! நெஜமாவே வளையம் கீது சார்!”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எல்லப்பனுக்குத்தான் பொறுமை இல்லை.

“போதும், நவுரு கனகா! நானும் பாக்கணும்!”