பதினாலாம் நம்பர், ஆம்பூர் இன்பராஜ்

"வணக்கம் நேயர்களே. இதோ, ஆறாவது முட்டை உள்ளே போகிறது. ஆம்பூர் இன்பராஜ் கண்களை மூடுகிறார். மெல்லுகிறார். முகத்தைப் பார்த்தால் முட்டைதான் அவரைத் தின்பது போலத் தெரிகிறது."

சில்வர் டம்ளரை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நான் இப்படித்தான் தினமும் கமெண்ட்ரி சொல்வேன். டம்ளருக்குள் பேசினால் மைக்கில் பேசுவது போலவே குரல் கணகணவென்று வரும்.

அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறிவிடும்.

"சௌந்து, வாய மூடு. முட்டை மூக்குல ஏறுது."

அவன் வெள்ளைக்கருவை மட்டும்தான் தின்பான். ஒரு நாளைக்கு எட்டு முட்டை. எட்டு மஞ்சள் கருவும் என் தலையில்தான் விழும். பக்கத்து வீட்டு லுப்னா என் தோழி என்பதால் பாதியை அவள் தலையில் கட்டிவிடுவேன்.

அண்ணனுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இறந்த பிறகு, அவர் வேலை செய்த தோல் மண்டியிலேயே அண்ணனும் சேர்ந்துவிட்டான். லாரியில் வந்து இறங்கும் பச்சை ஆட்டுத் தோல்கள் அழுகாமல் இருக்க, உப்பைத் தூவித் தூவி அடுக்க வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அதே வேலைதான். அவன் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். ரசம் சாதம் பிசையும்போதுகூட எரிகிறது என்று கையை உதறுவான்.

வேலை முடிந்ததும் பஞ்சாட்சரம் மாஸ்டரின் தகரக் கூரை ஜிம்முக்குப் போய்விடுவான். இரண்டு வருடமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. மே மாதம் வேலூரில் மண்டல ஆணழகன் போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால், வேலூரில் புதிதாகத் திறக்கும் ஒரு ஜிம்மில் பயிற்சியாளர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அப்புறம் உப்பைத் தொட வேணாம் சௌந்து," என்பான் அண்ணன். அதைச் சொல்லும்போது தன் கையைத்தான் பார்ப்பான்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, "உப்ப கம்மி பண்ணிக்கோடா" என்றார் மாஸ்டர். அண்ணன் அதை அடியோடு நிறுத்திவிட்டான். அம்மா அவனுக்கென்று தனியாகச் சமைத்தாள். நான் ஒரு வாய் தின்று பார்த்தேன். சுவரை நக்கினால் இதைவிட ருசியாக இருக்கும்.

எதிர்வீட்டு எல்லம்மா அத்தை கேலி செய்தார். "உப்பு போட்டுத் தின்னாதாண்டா ரோஷம் வரும்."

"பத்து நாளைக்கு ரோஷம் இல்லாம இருந்துக்கறேன் அத்தை," என்றான் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. வெள்ளிக்கிழமை மாலை அண்ணன் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்புவதைப் பார்த்தேன். தொண்டைக்குள் ஒரு சொட்டும் போகவில்லை.

"இன்னாண்ணா பண்ற?"

"ஷ்ஷ். ரெண்டு நாளைக்குத் தண்ணி கிடையாது. தண்ணி இல்லேன்னா தோல் ஒட்டிக்கும். நரம்பு நரம்பா தெரியும். ஃபோன்ல ஒருத்தர் சொல்லிருக்காரு."

"மாஸ்டர் சொன்னாரா?"

அவன் இன்னொரு வாய் கொப்பளித்துத் துப்பினான். "மண்டியில தோலுக்கு உப்பு போடறோம் இல்ல? அது தண்ணிய எல்லாம் இழுத்துடும். தோல் கெடாம நிக்கும். இதுவும் அப்படித்தான்," என்றான்.

"அது செத்த ஆட்டோட தோலுண்ணா."

அண்ணன் சிரித்தான். பிறகு என் தலையில் கை வைத்தான்.

"அம்மாகிட்ட சொல்லாத. அப்பா ஃபோட்டோ மேல சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் செய்தேன். செய்யாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் சனிக்கிழமை. மண்டிக்கு இரண்டு லாரி தோல் வந்துவிட்டதால் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆம்பூர் வெயில் உங்களுக்குத் தெரியாது. மே மாதத்தில் காக்காய்கூட நிழலைவிட்டு வெளியே வராது. அந்த வெயிலில், மண்டியின் தகரக் கொட்டகையில், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் அவன் மதியம் வரை உப்புத் தூவியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்தான். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. திடீரென்று காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கெண்டைக்கால் சதை கல் மாதிரி உருண்டு நின்றது.

"அம்மா, விளக்கப் போடும்மா," என்றான் என்னைப் பார்த்து.

எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் அம்மா இல்லை. பட்டப்பகலில் விளக்கு எதற்கு? உண்மையான அம்மா ஷூ கம்பெனியில் ஓவர்டைமில் இருந்தாள். உள்ளே போகும்போதே ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள்.

அப்பாவின் ஃபோட்டோவைப் பார்த்தேன். "மன்னிச்சுக்கோப்பா," என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன்.

"லுப்னா, ஓடிப்போய் பஞ்சாட்சரம் மாஸ்டரக் கூட்டிட்டு வா. அண்ணன் நேத்துலருந்து தண்ணி குடிக்கலன்னு சொல்லு."

உள்ளே வந்து, பள்ளியில் அறிவியல் டீச்சர் சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்திக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீர். ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அரை டீஸ்பூன் உப்பு. அவசரத்தில் முதல் தடவை உப்பு கொட்டிவிட்டது. அதைக் கீழே ஊற்றிவிட்டு மறுபடி கலந்தேன். கைக்குக் கிடைத்த டம்ளரில் ஊற்றி, அண்ணனின் தலையைத் தூக்கிப் பிடித்து உட்கார வைத்தேன். அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"இன்னாது இது?"

"உப்புத் தண்ணி. குடிண்ணா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேணாம். இத குடிச்சா நாளைக்கு போச்சு. ரெண்டு வருஷம் சௌந்து. இன்னும் ஒரே நாள்தான்."

"நீ என்னை அம்மான்னு கூப்பிட்டண்ணா."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா இல்ல. நீயும் இல்லேன்னா நானும் அம்மாவும் இன்னா பண்றது?"

அண்ணன் அழுதான். வாய் கோணியது, தோள் குலுங்கியது, ஆனால் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. தண்ணீர் இல்லாமல் ஒருவர் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பிறகு வாயைத் திறந்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன்.

மாஸ்டர் ஆட்டோவோடு வந்தார். "எங்கிட்ட கூட சொல்லலையேடா பையா," என்று அவனைக் குழந்தை மாதிரித் தூக்கினார். ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

"அதுல இன்னா இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"உப்புத் தண்ணிதாம்மா," என்றார் நர்ஸ்.

இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் கிட்னி கெட்டுப்போயிருக்கும் என்று, வேலை முடிந்து ஓடிவந்த அம்மாவிடம் டாக்டர் சொன்னார். அம்மா என்னைத் தன் புடவைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையும் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருந்தான். மாஸ்டர் வேலூருக்குப் போகாமல் எங்களோடு உட்கார்ந்திருந்தார். போட்டியை ஃபோனில் நேரலையாகக் காட்டினார்கள். பார்க்காதே என்று அம்மா சொன்னதை அண்ணன் கேட்கவில்லை.

மேடையில் ஒரே வெளிச்சம். மைக்கில் ஒருவர் கமெண்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தார். என்னைவிட நன்றாகவே சொன்னார்.

"அடுத்து, பதினாலாம் நம்பர். ஆம்பூர் இன்பராஜ், மேடைக்கு வரவும்."

நாங்கள் யாரும் அசையவில்லை.

"ஆம்பூர் இன்பராஜ்... பதினாலாம் நம்பர்..."

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். "வரலையா? சரி, பதினைந்தாம் நம்பர்."

அண்ணன் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் என்னோடு பேசவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. தட்டில் போட்டதைத் தின்பான், எழுந்து போய்விடுவான். வேலூர் ஜிம் வேலை மேல்விஷாரத்துக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. அண்ணன் மறுபடி மண்டிக்குப் போனான், மறுபடி விரல் வெடித்தது. உப்புப் போட்டுச் சாப்பிட ஆரம்பித்ததும் ரோஷம் வந்துவிட்டதோ என்னவோ.

"அவன் ஒடம்பு நல்லாயிடுச்சு. மனசுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆவும்," என்றாள் அம்மா.

நான் என் டம்ளரை அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் செய்தது தப்பில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் அழுகை வந்தது.

ஒன்பது நாள் இப்படியே போனது.

பத்தாம் நாள் அம்மாவுக்கு ஓவர்டைம். அண்ணன் மண்டியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தான். பனியனில் உப்புத் தூசி அப்படியே இருந்தது. அவித்த முட்டைகளை உரித்துத் தட்டில் வைத்தேன். அவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். மெல்லுவதை நிறுத்தினான்.

"இன்னா, உப்பு இல்ல?"

பழைய பழக்கத்தில் உப்புப் போடாமலே வைத்துவிட்டேன். அவசரமாக உப்பு ஜாடியை நகர்த்தினேன். அவன் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினான். விரலில் எரிந்திருக்கும், கையை உதறிக்கொண்டான்.

அப்புறம் எழுந்து போய், அலமாரியில் கவிழ்ந்து கிடந்த டம்ளரை எடுத்துவந்து என் முன்னால் நிமிர்த்தி வைத்தான்.

"கமெண்ட்ரி இல்லாம முட்டை எறங்கல சௌந்து."

டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வணக்கம் நேயர்களே என்று சொல்லத்தான் நினைத்தேன். வேறு ஒன்று வந்தது.

"பதினாலாம் நம்பர். ஆம்பூர் இன்பராஜ், மேடைக்கு வரவும்."

அண்ணன் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனாலும் இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"ஆம்பூர் இன்பராஜ்."

அவன் மெதுவாக எழுந்தான். கேஸ் சிலிண்டருக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் போய் நின்றான். லுங்கியை மடித்துக் கட்டினான். வெடித்த விரல்களை மடக்கி, இரண்டு கைகளையும் மேலே தூக்கி முறுக்கினான்.

"இதோ வந்துவிட்டார் நேயர்களே. என்ன புஜம், என்ன தோள். ஒரே ஒரு சின்னக் குறை, பனியனில் முட்டை அளவுக்கு ஓட்டை. நடுவர்கள் அதை மன்னித்துவிட்டார்கள்."

அண்ணன் சிரித்தான். கையை இறக்காமல் அப்படியே நின்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது.

அதை மட்டும் நான் கமெண்ட்ரியில் சொல்லவில்லை.