திருஷ்டிப் பொட்டு

கார் லால்குடி போயிருந்தது. அதன் சக்கரம் மட்டும் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நவநீதன் முதலில் ஃபிரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டான். மழைக்கு மின்சாரம் போய்விட்டது பிறகுதான் உறைத்தது. ஸ்ரீரங்கத்து அந்தி ஈரச்சுவர் வாசனையோடு ஜன்னலில் இறங்க, சாப்பாட்டு மேசையில் பழந்துணிக்குள் அவன் ஒளித்து வைத்திருந்த உடைந்த சென்சாரிலிருந்து, தார்ச்சாலையில் டயர் உருளும் இரைச்சல் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

காலையில் அதைக் கழற்றிய நிபுணர் அவன்தான். ஈரச் சாலையில் சட்டென்று பிரேக் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அந்தச் சின்னச் சாமான். "ஒரே ஒரு போல்ட். கழட்டி, தொடைச்சு, மாட்டணும். இதுக்குப் போய் மெக்கானிக்கா?" என்று மனைவி வேணியிடம் அளந்துவிட்டு, வீடியோவைப் பார்த்தபடி முன்சக்கரத்தருகே உட்கார்ந்தான். போல்ட் வந்தது. துருவில் ஒட்டிய சென்சார் வரவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு. பாதி கையில், பாதி துளைக்குள்.

டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு முறைத்தது. பெண்டாட்டி முன்னால் அசடு வழிய மனமில்லாத வீரன், பீரோ கண்ணாடியில் அவள் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை உரித்து, விளக்கின் மேல் ஒட்டினான்.

"இது என்னங்க?"

"காருக்குத் திருஷ்டிப் பொட்டு."

"நீங்க ரிப்பேர் பண்ணதுக்கா? அப்ப இன்னும் பெருசா வெச்சிருக்கணும்."

சிரித்துக்கொண்டே லால்குடிக்குக் காரைக் கிளப்பினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் சிரிப்பாளே என்று விட்டுவிட்டான்.

இப்போது துணிப் பொட்டலம் நடுங்கியது. இரைச்சல் ஏறியது. உள்ளே வைப்பர் அடிக்கும் சத்தம். போன் போட்டான். அடுப்படியில் மணி அடித்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"வேணி, மெதுவா போ," என்றான் பொட்டலத்திடம். "பிரேக்கைச் சட்டுனு மிதிக்காத. அது... நான் ஒடச்சுட்டேன் வேணி. நான்தான்."

ஒருவழியாகச் சொல்லிவிட்டான். ஒரு பிளாஸ்டிக் துண்டிடம்.

இரைச்சல் நின்றது.

பிறகு, நீளமாக ஒரு வழுக்கல்.

பிறகு மழை மட்டும்.

வெகுநேரம் கழித்து கேட் திறந்தது. கார் உள்ளே வந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. சக்கரங்கள் சுழலவில்லை. ஈரத்தரையில் அப்படியே வழுக்கி வந்தது.

வேணி வாசலில் நின்றாள்.

"என்னங்க. என்னமோ சொன்னீங்களே. இன்னொரு தடவ சொல்லுங்க."

நவநீதன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

இருட்டில் முகம் தெரியவில்லை. கன்னத்தில் அந்தக் கறுப்புப் பொட்டு தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றி, தோலுக்கு அடியிலிருந்து, மஞ்சள் வெளிச்சம் கசிந்துகொண்டிருந்தது.