அழகர் பெயரில் வந்த கடிதங்கள்

தை மாதக் கடிதத்தில் அழகர் ஒரு கேள்வி கேட்டிருந்தான். லயத்தில் நம் காம்பரா எத்தனையாவது?

ரெங்கம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறந்த நாளிலிருந்து பத்தொன்பது வயதுவரை, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் அந்த ஒற்றை அறைக் காம்பராவிலேயே படுத்து எழும்பிய தம்பி, இந்தியாப் பாஸ்போர்ட் கிடைத்துத் திருச்சிக்குப் படிக்கப் போய் இன்னும் இரண்டு வருடம் முடியவில்லை. கேலிக்குக் கேட்கிறான் என்று எண்ணி, கடைசிக்கு முந்தியது, கதவில் நீலச் சாயம் என்று ஒழுங்காகப் பதில் எழுதி, பசறை டவுனுக்குப் போனபோது தபாலில் சேர்த்தாள். மாசிக் கடிதத்தில், ஆத்தா மலையிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கும் என்று கேட்டான். அதற்கும் எழுதினாள்.

முன்கையில் தேள் பச்சை குத்திய ஆத்தா நல்லம்மாவுக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் பகல் தேத்தண்ணி நேரத்தில், கொழுந்துக் கூடைகளை இறக்கி வைத்த பெண்களெல்லாம் சுற்றி உட்கார, ரெங்கம்மா உரக்கப் படிக்க வேண்டும். முதல் வருடம் அழகர் எழுதியதெல்லாம் அழுகைதான். விடுதிப் பையன்கள் சிலோன்காரன் என்று ஒதுக்கினார்கள், மேசையில் தனியே சாப்பிட்டான், குளியலறையில் போய் அழுதான். அவற்றை விட்டுவிட்டு, நன்றாகச் சாப்பிடுகிறானாம் என்று படிப்பாள். பிறகு பையன் தேறினான். தன் சட்டையைத் தானே துவைத்து இஸ்திரி போட்டான், வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பதில் சொன்னான், ஒதுக்கியவர்களிடம் தானே போய்ப் பேச்சுக் கொடுத்தான். அந்த வரிகளை இரண்டு தரம் படித்தாள். அப்படிப் பழகியவர்களில் ஒருவன் பக்கத்துக் கட்டில்காரன். நம் தோட்டத்துக் கதை என்றால் அவனுக்கு அலுப்பதே இல்லை என்று அழகர் கார்த்திகையில் எழுதியிருந்தான். பங்குனிக் கடிதத்தில், சித்திரை முதல் கிழமை வருகிறேன் என்று இருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு முடித்த கணக்கப்பிள்ளை இன்னொரு கடிதத்தைக் கொடுத்தார். பகல் தேத்தண்ணிக்குக் கூடையை இறக்கியபின் பிரித்தாள். அழகரின் எழுத்து. ஆனால் பென்சிலில், நடுங்கி நடுங்கி.

'அக்கா, மார்கழிக்குப் பிறகு நான் உனக்குக் கடிதமே எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். உன் பதில்களெல்லாம் அந்தப் பக்கத்துக் கட்டில்காரன் கைக்குத்தான் போயிருக்கின்றன. என் பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டான். கண்ணாடி முன் நின்று என் முகத்தை அவன் பழகியதைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டென்று நினைத்தேன். அது மனிதப் பிறவி இல்லை, அக்கா. வீட்டுக்குள் விடாதே.'

"என்னா புள்ள, வாயி கட்டிப்போச்சா?" என்றாள் அடுத்த காம்பராப் பாக்கியலெட்சுமி. "தம்பி திருச்சிக்காரி எவளையும் கட்டிக்கிட்டானா?"

பெண்கள் சிரித்தார்கள். ஆத்தா சிரிக்கவில்லை. வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டதை மறைத்துப் படித்த பழக்கம் ரெங்கம்மாவின் நாக்கை இழுத்துக்கொண்டு போனது.

"நல்லா இருக்கானாம் ஆத்தா. பெட்டியெல்லாம் கட்டிட்டானாம்."

"எப்ப வாறானாம்?"

"இன்னிக்கோ நாளைக்கோ."

ஆத்தா அப்போதே எழுந்து, கங்காணி முருகையாவிடம் கெஞ்சி அரைநாள் வாங்கிக்கொண்டாள். ரெங்கம்மாவும் கேட்டதற்கு, ஆத்தாளும் மகளும் போனால் இந்த மலையை யார் முடிப்பது என்று கங்காணி மறுத்துவிட்டார். அவள் ஆத்தாவின் பின்னால் பத்தடி ஓடினாள். எல்லாரும் பார்க்கிறார்கள். எதைச் சொல்வது?

"நான் வாற வரைக்கும் கதவத் தொறக்காத, ஆத்தா."

"பெத்த புள்ளைக்குக் கதவச் சாத்தவா சொல்ற? போடி, கிறுக்கி."

இரண்டு மணிக்குமேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. முதலில் ரோட்டை, பிறகு கோயில் மரத்தை, பிறகு பக்கத்து நிரையில் நின்ற பெண்களின் தலைத்துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு மேலே வந்தது. ஈரக் கொழுந்தின் பச்சை வாடைக்குள் எங்கிருந்தோ கருவாடு பொரிக்கும் வாசனை வந்து கலந்தது. கீழே எங்கோ பசறை பஸ் ஹாரன் அடித்து நின்று, யாரையோ இறக்கிவிட்டு, மறுபடி முனகிக்கொண்டு போனது. ரெங்கம்மாவின் விரல்கள் கொழுந்தை விட்டு முற்றிய இலையைக் கிள்ளின. நிறுவை முடிய நாலரை ஆனது. கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

லயத்தில் சத்தமில்லை. பிள்ளைகள் ஒன்றும் வெளியே இல்லை. நாய்கள் மட்டும் மேல் வாய்க்கால் கானில் வரிசையாக, லயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

நீலக் கதவு. சாத்தியிருந்தது. உள்ளே ஆத்தாவின் குரல்.

"இளைச்சுப் போயிட்டியே, ராசா."

பதில் சொன்னது அழகரின் குரல். அதே கரகரப்பு. "ஆத்தா சுகம். மழை இன்னும் விடவில்லை. கோழி மூன்று குஞ்சு பொரித்தது."

ரெங்கம்மா கதவில் காதை வைத்தாள். அவளுடைய வரிகள். மாசியில் அவள் எழுதிய பதில். வரிக்கு வரி.

"பேச்செல்லாம் படிச்ச பேச்சா மாறிப்போச்சு," என்று ஆத்தா பூரித்தாள். "இந்தா. வாயத் தொற."

ரெங்கம்மா கதவைத் தள்ளினாள்.

அடுப்பு வெளிச்சம். மணையில் தம்பி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எதிரே ஆத்தா, மடியில் சோற்றுக் கோப்பை. ஒரு கவளம் உருட்டி நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான். திறந்துகொண்டே போனான். பல் இல்லை. நாக்கு இல்லை. அடுப்பின் வெளிச்சம் அதற்குள் போகவே இல்லை.

ஆத்தாவின் விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டு போனது.

"ஆத்தா," என்றாள் ரெங்கம்மா.

ஆத்தா திரும்பவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "இன்னுங் கொஞ்சம்," என்றாள், "இன்னுங் கொஞ்சம் ராசா," என்று சொல்லிச் சொல்லி முன்னால் சாய்ந்தாள். வாலை முழங்கைப் பக்கம் தூக்கிக்கொண்டு, அவள் முன்கையில் பச்சை குத்திய அந்தத் தேள். அதன் முன்னிடுக்கிகள் போயின. உடம்பு போனது.

வால் மட்டும் வெளியே தெரிந்தது.